மேலே வர முடியாத உயிர்கள்

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையின் மீன் பகுதியில் உயிரோடு விற்கும் மீன்களைச் சற்று நின்று கவனித்தால் இரண்டு விதமான ஏற்பாடு கண்ணில் படும். ஒன்று, ஆழமில்லாத அலுமினியத் தட்டு. நாலு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர், அதில் ஒன்றன்மேல் ஒன்றாக நெளியும் கொய், மாகுர், ஷிங்கி. கொய் என்று வங்காளிகள் சொல்வது நம் பனையேறிக் கெண்டை. ஷிங்கி நம் தேளி. மாகுர் கெளுத்தி வகையைச் சேர்ந்தது. காலையில் ஊற்றிய தண்ணீரை மதியம்வரை மாற்றாவிட்டாலும் இவை சாவதில்லை. இன்னொரு ஏற்பாடு ரோகுவுக்கும் கட்லாவுக்கும். தொட்டி பெரிது, தண்ணீரும் ஓரளவு தெளிவு. ஆனாலும் மேலேயிருந்து ஒரு குழாய் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைக்காரர் கையால் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரம் கவனிக்காமல் விட்டால் உயிர்மீனுக்குரிய விலை கிடைக்காது.

கையால் தண்ணீர் அடிக்கும் அந்தப் பழக்கம் வங்காளத்தில் மிகப் பழையது. மீன் குஞ்சுகளை ஹண்டி எனப்படும் பானைகளில் நிரப்பி, காவடிபோல் தோளில் சுமந்தும் ரயிலில் ஏற்றியும் ஊர் ஊராகக் கொண்டுபோன குஞ்சு வியாபாரிகள், வழிநெடுக ஹண்டியைக் குலுக்கிக்கொண்டோ உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டோதான் போனார்கள். தட்டுவதை நிறுத்தினால் குஞ்சு மிதக்கும். ஆக்சிஜன் என்ற பெயரைக் கேள்விப்படாமலே அதைத் தண்ணீருக்குள் கொண்டுசேர்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

தட்டில் கிடக்கும் கொய்க்கு இந்தக் கவலை இல்லை. அதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கினால் அந்த உறுப்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மாகுரின் செவுளறையில் சிறு மரம்போல் கிளைத்த உறுப்பு, ஷிங்கியின் உடல் நெடுக இரண்டு காற்றுப் பைகள். ரோகுவுக்கு இவை எதுவும் இல்லை. தண்ணீரில் கரைந்திருப்பது மட்டுமே அதன் பங்கு. அது குறைந்தால் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து, காற்றோடு ஒட்டியிருக்கும் மெல்லிய நீர் அடுக்கைக் குடித்துப் பார்க்கும். ஓரளவுக்கு அதுவும் உதவும்.

மேலே வரவே முடியாத உயிர்களைப் பற்றியது இந்த அத்தியாயம். சில வீட்டு மீன்தொட்டிகளுக்குக் கீழே, மர அலமாரிக்குள், மேல் தொட்டியின் நீர் இறங்கி வந்து பம்ப் வழியே திரும்பிப்போகும் இரண்டாவது தொட்டி ஒன்று இருக்கும், பெயர் சம்ப். அதன் நடு அறையில் செராமிக் வளையங்களிலும் பிளாஸ்டிக் உருண்டைகளிலும் ஒட்டிக்கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் நகர்வதில்லை. மூச்சுத் திணறினால் வாயைப் பிளந்து காட்டுவதும் இல்லை. ஆக்சிஜன் அவை இருக்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும். அவை திணறியதை நாம் அறிவது இரண்டு நாள் கழித்து, மேலே உள்ள மீன் சாகத் தொடங்கும்போதுதான்.

இந்த உயிர்களின் வேலையை முதலில் கண்டவர்கள் கழிவுநீரை ஆராய்ந்தவர்கள். 1877-இல் பிரான்சில் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு கண்ணாடிக் குழாயில் சூடேற்றிச் சுத்தம் செய்த மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, மேலேயிருந்து சாக்கடை நீரை மெதுவாக இறங்கவிட்டார்கள். இருபது நாள்வரை, மேலே போன அம்மோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு அம்மோனியா குறைந்தது, நைட்ரேட் தோன்றியது. வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், வேலை நின்றது. தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. உள்ளே உயிர் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. புதுத் தொட்டி வாங்கியவரிடம் கடைக்காரர் ‘மூன்று வாரம் பொறுங்கள், அப்புறம் மீன் விடலாம்’ என்று சொல்வது அந்த இருபது நாள்தான்.

1890-இல் செர்கே வினோகிராத்ஸ்கி அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பாடநூல்கள் நைட்ரேட்டாதல் என்று சொல்லும் இந்த வேலையில் இன்னும் யார் யாருக்குப் பங்குண்டு என்பதை மீன்தொட்டிகளே பிற்பாடு காட்டிக்கொடுத்தன. அம்மோனியாவை மாற்றும், பாக்டீரியாவில் சேராத ஆர்க்கியா என்ற வகை நுண்ணுயிரி ஒன்று 2005-இல் முதன்முதலாகத் தனியே வளர்க்கப்பட்டது. அது கிடைத்த இடம் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தின் வெப்பமண்டலக் கடல்தொட்டி. முதல் படியையும் இரண்டாம் படியையும் ஒரே உயிரி தனியாகவே செய்துவிடும் என்று 2015-இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின. அவற்றுள் நெதர்லாந்துக் குழு நைட்ரோஸ்பைரா எனும் அந்த உயிரியை எடுத்தது, தண்ணீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் ஒரு மீன்வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்து. நுண்ணுயிரியலின் பெரிய கண்டுபிடிப்புகள் வடிகட்டி அழுக்கிலிருந்து வந்திருக்கின்றன என்பது எனக்குத் தீராத வியப்பு.

இத்தனை பேருக்கும் பொதுவான தேவை ஆக்சிஜன். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க ஏறத்தாழ 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகும். இந்த எண்ணைக் கொண்டு ஒரு வீட்டுத் தொட்டிக்குக் கணக்குப் போடலாம். கரியாஹாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை, 400 லிட்டர் தொட்டி, தினம் 10 கிராம் தீனி என்று வைத்துக்கொள்வோம். தீனியில் 35 சதவீதம் புரதம். மீன் வளர்ப்பாளர்களின் வழக்கமான கணக்குப்படி இதிலிருந்து நாளொன்றுக்கு 0.32 கிராம் அளவுக்கு அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். அதை மாற்ற ஒன்றரை கிராம் ஆக்சிஜன் வேண்டும்.

கொல்கத்தாவின் ஜனவரியில் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கினால் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கோடையில் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதாவது கோடையில் 400 லிட்டரில் முழுமையாகக் கரைந்தாலும் மொத்தம் 3 கிராம். அதில் பாதியை நைட்ரேட்டாதலே கேட்கிறது. மீன்களின் மூச்சு அதைவிட அதிகம் கேட்கும். இருப்பை வைத்து ஒரு நாளை ஓட்ட முடியாது. மேற்பரப்பு வழியாக வெளிக்காற்றிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் வரவு வந்தாக வேண்டும். வெப்பம் ஏற ஏற இருப்பு குறைகிறது, மீனும் பாக்டீரியாவும் கேட்பதோ கூடுகிறது. மே மாதத்தில் தொட்டிகள் கெடுவதற்கு இந்த இரட்டை இழுப்பே காரணம்.

இந்த இடத்தில் பலரும் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்: சம்பில் பாக்டீரியா இருக்கும் அறைக்குள், காற்றைக் குமிழிகளாக விடும் ஒரு ஏர் ஸ்டோனைப் போட்டுவிட்டால் போதும் என்று. கணக்கை இன்னும் ஒரு படி நடத்திப் பார்க்க வேண்டும். மணிக்கு 1000 லிட்டர் தள்ளும் சாதாரண பம்ப், லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வீதம், ஒரு நாளில் 180 கிராம் ஆக்சிஜனை அந்த அறை வழியாகக் கொண்டுபோகிறது. நைட்ரேட்டாதலுக்கு வேண்டியது ஒன்றரை கிராம். கடந்துபோவது நூறு மடங்குக்கும் மேல். பிறகு ஏன் திணறல் வருகிறது?

கடந்துபோகும் தண்ணீர் பாக்டீரியாவைத் தொடுவதில்லை. ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பசைபோல் ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. கையில் தடவினால் வழவழக்கும் பழுப்பு நிறப் பூச்சு அதுதான். ஓடும் நீர் படலத்தின் விளிம்போடு நின்றுவிடும். அதற்கு உள்ளே ஆக்சிஜன் தானாக ஊடுருவித்தான் போக வேண்டும், தண்ணீரில் அந்த ஊடுருவல் காற்றில் நடப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மந்தம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்தைக் கடக்க இரண்டு மூன்று நொடி. ஒரு மில்லிமீட்டருக்கு நாலு நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. போகிற வழியிலேயே மேலடுக்குப் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை எடுத்துவிடுவதால், உயிர்ப்போடு இயங்கும் படலத்தில் அது உள்ளே எட்டும் ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஒன்றிரண்டு பத்தில் பங்குதான்.

அதனால்தான், ‘ஒரு லிட்டர் கல்லில் இத்தனை நூறு சதுர மீட்டர் பரப்பு’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விலை வைக்கும் நுண்துளைக் கற்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. கல்லின் நடுவில் உள்ள நுண்துளைக்கு ஆக்சிஜன் எட்டாது. வாய் அடைத்துக்கொண்டால் அறவே எட்டாது. அங்கே நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும் வேறு வகை பாக்டீரியாக்கள் வாழலாம், அது நன்மைதான். ஆனால் அம்மோனியாவை மாற்றும் வேலைக்கு அந்தப் பரப்பு கணக்கில் சேராது. விலை மலிவான சொரசொரப்பான பிளாஸ்டிக்கோ சாதாரண ஸ்பாஞ்சோ, சுற்றிலும் நீர் தாராளமாக ஓடினால், நன்றாக வேலை செய்யும்.

இனி, ஆக்சிஜனைத் தட்டிப் பறிப்பவர்கள். மீன் எச்சம், தின்னாத தீனி, அழுகிய இலை ஆகியவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் வேறொரு வர்க்கம். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ அரை நாளோ ஒரு நாளோ ஆகும். அழுக்குத் தின்னிகள் சில மணி நேரத்தில், சில இனங்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, இரட்டிக்கும். அழுக்கு வந்து சேர்ந்த இடத்தில் முதல் பந்தியில் உட்காருபவை அவைதான். படலத்தின் வெளியடுக்கு முழுவதையும் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். உள்ளே இருக்கும் நைட்ரேட்டாக்கிகளுக்கு மிச்சம் வராது. நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நைட்ரேட்டாதல் தளர்ந்துவிடும் என்பது கழிவுநீர் நிலையங்களில் வெகுகாலமாகத் தெரிந்த பாடம். பெரும்பாலும் முதலில் தடுமாறுவது இரண்டாவது படி. அதனால் சோதனைப் புட்டியில் நைட்ரைட் லேசாக நிறம் காட்டத் தொடங்கினால், பாக்டீரியா ‘போதவில்லை’ என்று புட்டியில் அடைத்த பாக்டீரியாவை வாங்கி ஊற்றுவதற்கு முன், சம்பின் அடியில் எவ்வளவு சேறு கிடக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஆகவே, பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் முதல் கருவி, வடிகட்டித் துணி. மேல் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் முதலில் துணிப்பையிலோ ஸ்பாஞ்சிலோ விழ வேண்டும். அங்கே பிடிபட்ட அழுக்கை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து அலச வேண்டும். அலசாமல் விட்ட துணி அழுக்கைப் பிடித்துவைத்து, அதன்மீது ஓடும் நீரிலேயே அதை அழுகவிடும். வடிகட்டாமல் இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு. இரண்டாவது, செராமிக் வளையங்களை வலைப்பையில் திணித்து அறையின் அடியில் போடாமல், துளையிட்ட தட்டின்மேல் தரையிலிருந்து சில அங்குலம் உயர்த்தி வைப்பது. அடியில் சேரும் சேற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வழி இருக்கும், நீர் பக்கவாட்டில் நழுவிப்போகாமல் வளையங்களின் ஊடே ஏறவோ இறங்கவோ செய்யும். வளையங்களைக் கழுவ வேண்டிவந்தால் தொட்டித் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். கொல்கத்தா மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்த்திருக்கும் குளோரின் இந்தக் கிருமிகளையும் விட்டுவைக்காது.

தண்ணீர் இறங்கும் குழாயையும் சொல்ல வேண்டும். காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சலசலவென இறங்கும் குழாய் ஆக்சிஜனை வழியிலேயே கரைத்துக்கொண்டு வரும். சத்தம் தொந்தரவு என்று, குழாய் முழுதும் நீர் நிறைந்து ஓசையின்றி இறங்கும்படி வால்வு வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. படுக்கையறைத் தொட்டிக்கு அது நியாயமே. ஆனால் இழந்த காற்றோட்டத்தை வேறு எங்காவது ஈடுசெய்ய வேண்டும். தொட்டியின் மேற்பரப்பைக் கலக்கும்படி திரும்பிவரும் குழாயின் வாயைத் திருப்பினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். அலமாரியின் பின்பலகையை அடைத்து வைக்கவும் கூடாது. நைட்ரேட்டாதல் நீரில் அமிலத்தைச் சேர்த்துக் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். அதோடு கரியமில வாயுவும் வெளியேற வழியின்றி மூடிய பெட்டிக்குள் தேங்கினால் நீரின் பி.எச். இறங்கும். இறங்கிய பி.எச்.-இல் அதே பாக்டீரியாக்கள் இன்னும் மெதுவாக வேலை செய்யும்.

ஆக்சிஜனைத் தண்ணீரில் கரைத்துத் தருவதைவிட, பாக்டீரியாவையே காற்றில் நிறுத்தினால் என்ன? ஒரு லிட்டர் காற்றில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவதைப்போல முப்பது மடங்குக்கும் மேல் ஆக்சிஜன் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் சால்ஃபர்டு நகரக் கழிவுநீருக்குக் கற்படுகையின்மேல் தண்ணீரைத் தூவியது இந்த யோசனையில்தான். கல்மேல் மெல்லிய ஏடாக நீர் வழியும், கற்களின் இடைவெளி முழுதும் காற்று. வீட்டுக் கடல்தொட்டிகளுக்கு இதே முறையை 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழொன்றில் எழுதிய கட்டுரைகள் பரப்பின. பயோ பால் எனப்படும் முள் உருண்டைகள் வீடுகளுக்கு வந்தது அந்த அலையில். பவளம் வளர்ப்பவர்கள் பிறகு அதைக் கைவிட்டார்கள். அது நைட்ரேட்டை மிகச் சுறுசுறுப்பாக உண்டாக்கித் தள்ளுகிறது, அதை எடுக்க வழி செய்வதில்லை என்பது அவர்கள் குறை. தங்கமீனும் ஆஸ்காரும் வளர்ப்பவருக்கு அது குறையாகாது. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் நைட்ரேட் போய்விடும். ஒரே ஒரு கவனம் தேவை: நீரைத் தூவும் தட்டின் துளைகள் அடைத்துக்கொண்டால் உருண்டைகளில் பாதி காய்ந்துபோகும்.

இன்னொரு வழி, படலத்தைத் தடிக்கவிடாமல் செய்வது. 1980களின் பிற்பகுதியில் நார்வேயில் ஹால்வர் ஒடெகார் குழுவினர் உருவாக்கிய அசையும் படுகையில், விரல்நுனி அளவிலான பிளாஸ்டிக் சக்கரங்கள் காற்றுக் குமிழிகளால் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கும். ஒன்றோடொன்று உரசி வெளிப்பக்கத்துப் படலம் உதிர்ந்துபோகும். உள் அறைகளில் மெல்லியதாக, இளமையாக நிற்கும். சம்பில் ஏர் ஸ்டோன் தன் முழு மதிப்பைப் பெறுவது இங்கேதான். அசையாமல் அடுக்கிய வளையங்களுக்கு அடியில் அதே கல்லை வைத்தால், குமிழிகள் இடுக்குகளில் சிக்கி நீரோட்டத்தை மறித்துவிடக்கூடும். வைப்பதென்றால் அதற்கு முந்தைய அறையில் வைக்கலாம்.

கரியாஹாட்டிலிருந்து கஸ்பா வழியாகக் கிழக்கே போய் பைபாஸ் சாலையைத் தாண்டினால், இதே கணக்கை ஒரு மாநகரமே போட்டுக்கொண்டிருக்கும் இடம் வரும். 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நகரின் சாக்கடை நீரை பேரி என்று அழைக்கப்படும் ஏரிகளுக்குள் விட்டு மீன் வளர்க்கிறார்கள். கரியாஹாட்டில் துள்ளும் ரோகுவில் எத்தனையோ அங்கிருந்து வந்தவை. இந்த ஈரநிலத்தின் மதிப்பை உலகுக்கு எடுத்துச்சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். பம்ப்பும் ஏர் ஸ்டோனும் இல்லாத அந்த ஏரிகளில் ஆக்சிஜன் தருவது வெயிலும் பாசியும். ஏரிகளை ஆழமாக வெட்டாமல் வைத்திருப்பதால் காற்றும் வெயிலும் பெருமளவு நீரைத் தொடுகின்றன. சாக்கடையை ஒரேயடியாகத் திறந்துவிடாமல் அளவறிந்து சிறிது சிறிதாக விடுகிறார்கள். பாசி இரவில் ஆக்சிஜன் தராது, தானும் மூச்சு விடும். ஆகவே விடியற்காலையில்தான் ஏரி மிகவும் ஏழ்மையாக இருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா என்று பார்த்து, அன்றைக்கு எவ்வளவு சாக்கடை விடலாம் என்று முடிவு செய்யும் தொழிலாளியின் கண், எந்தக் கருவிக்கும் குறைந்ததில்லை. அளவுக்கு மீறி அழுக்கு சேர்ந்தால் ஆக்சிஜன் யாருக்கும் மிஞ்சாது என்ற அறிவு அது. சம்ப் வைத்திருப்பவர் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம்.

கடைசியாக, மின்சாரம். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படியொரு வேளையில் சம்பில் என்ன நடக்கும்? பம்ப் நின்றதும் வளையங்கள் இருக்கும் அறையில் தேங்கியிருப்பது 20 லிட்டர் தண்ணீர் என்று கொள்வோம். அதில் கரைந்த ஆக்சிஜன் 0.15 கிராம். நைட்ரேட்டாக்கிகளும் அழுக்குத் தின்னிகளும் சேர்ந்து நாளுக்கு 3 கிராம் எடுப்பவை என்றால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். உடனே அவை செத்துவிடுவதில்லை. நைட்ரேட்டாக்கிகள் வேலையை நிறுத்திவிட்டு ஒடுங்கிக் கிடக்கும். ஆபத்து சேற்றில் இருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் அழுகல் வேறு வழியில் தொடர்ந்து, அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகலாம். மின்சாரம் திரும்பியதும் பம்ப் அந்த நீரை நேராக மீன்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆகவே மின்வெட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால், பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் முதலில் மேல் தொட்டிக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவை மூச்சுக்குக் காத்திருக்க முடியாதவை. வளையங்களைச் சம்பிலிருந்து வெளியே எடுத்து ஒரு தட்டில் பரப்பி, தொட்டித் தண்ணீரில் நனைத்த துணியால் மூடி, துணி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். நனைந்த படலத்துக்குக் காற்றே ஆக்சிஜன் கொடுக்கும். தீனியை அடியோடு நிறுத்திவிடலாம், பெரும்பாலான மீன்கள் நாலைந்து நாள் பட்டினியைத் தாங்கும். மின்சாரம் வந்ததும் பம்ப்பைப் போடுவதற்கு முன் சம்பின் பழைய நீரையும் சேற்றையும் வெளியேற்றி, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர் ஊற்றி, வளையங்களைத் திரும்ப வைக்க வேண்டும். அடுத்த ஒரு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினம் சோதித்து, இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும்வரை தீனியைப் பாதி அளவுக்கு மேல் கூட்டாமல் இருக்க வேண்டும்.